பரதேசிகளுக்கு எழுதிய புத்தகங்கள்

பசறையிலிருந்து மடுல்சீமைக்கும் லுணுகலைக்கும் பிரிந்து செல்லும் பாதைகளின் இருமருங்கும் தோட்டங்கள். அங்கே கிறிஸ்தவக் குடும்பங்கள் குடியிருக்கும் லயக் காம்பராக்களில் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களை நீக்கிப் பார்த்தால், எஞ்சுவன வேதாகமமும் அதன் பக்கத்தில் அடுக்கப்பட்ட சில மெல்லிய நூல்களுமே. அட்டையில் சூரியோதயமோ நீரருவியோ கூப்பிய கரங்களோ இருக்கும். உள்ளே நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் ஒரு வசனம். அதன் கீழே ஒரு சிறு சம்பவம். முடிவில் ஒரு ஜெபம். 'நமது அனுதின மன்னா', 'அன்றன்றுள்ள அப்பம்' முதலியன இவ்வகையிற் பெயர் பெற்றவை. நீ தனித்தவன் அல்லன், ஆண்டவருக்கு உரிய பிள்ளை. உன் துயரத்தை அவர் அறிவார். அவர் குறித்த வேளை வரும்வரை பொறுத்திரு. இவற்றுட் பெரும்பாலானவற்றின் சாரம் இவ்வளவே.

இந்நூல்களைப் பற்றி நம் விமர்சகர் எவரும் எழுதுவதில்லை. சில நூறு பிரதிகள் அச்சாகி, அவற்றுள் பாதி ஆசிரியரின் கட்டிலுக்கடியிலேயே தங்கிவிடும் நாவல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாதம் புரிகிறோம். பெரட்டுக்குப் போகுமுன் விடியற் கருக்கலில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி எழுத்துக் கூட்டிப் படிக்கும் உரைநடையையோ உரைநடை என்றே நாம் கணிப்பதில்லை. அபினி என்ற ஒரு சொல்லிலே கட்டி அதனை மூலையில் வைத்துவிட்டோம். மக்கள் எதைப் படிக்கிறார்கள் என்று பாராமலே மக்கள் இலக்கியம் பேசுவது விசித்திரமான காரியம். ஆகவே ஒரு முறையாவது இவற்றைக் கையிலெடுத்து, நாவலைப் படிப்பதுபோலக் கவனமாகப் படித்துப் பார்ப்போம். ஒரு குறிப்பிட்ட வெளியீட்டின்மேற் குற்றம் சுமத்துவது நம் நோக்கமன்று. வகையின் போக்கையே ஆராய்கிறோம்.

இந்நூல்கள் இரண்டு கருத்துக்களின் மேல் நிற்கின்றன. ஒன்று, உரியவனாயிருத்தல். மற்றையது, காத்திருத்தல். முதலாவதைத் தமிழில் ஆராய்வது சுவையானது. ஏனெனில் ஒருவர் ஓரிடத்துக்கோ ஒரு குடும்பத்துக்கோ உரியவராயிருப்பதையும், அவர் அங்கே கேட்டுப் பெறத்தக்க நியாயத்தையும் நம் மொழி ஒரே வேரிலிருந்து பிறப்பித்திருக்கிறது. உரியவன், உரிமை. சொந்தம் என்பது நெஞ்சோடு நின்றுவிடலாம். உரிமை என்றவுடன் சட்டமும் சாட்சியும் நியாயமன்றமும் கூடவே வந்துவிடுகின்றன. ஊக்க நூல்கள் 'உரியவன்' என்பதைக் கனிவோடு சொல்லுகின்றன. 'உரிமை' என்பதை அவற்றில் தேடிக் காணவேண்டியிருக்கிறது. மற்ற ஊர்களில் இது ஒரு சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடும். மலையகத்திலோ பிரஜாவுரிமை என்னும் சொல்லைச் சுற்றியே மூன்று தலைமுறையின் வாழ்வு கழிந்தது.

அக்கதை வாசகர் அறிந்ததே, சுருக்கிச் சொல்வோம். 1947-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோட்ட மக்களின் பிரதிநிதிகள் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே, 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களைத் தெரிவு செய்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949-இல் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து இங்கு வசித்ததாகக் காகிதத்தில் நிரூபிக்கவேண்டும் என அது கேட்டது. 1951 ஆகஸ்டு வரையில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவருக்கே உரிமை கிட்டிற்று. 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். கடைசி முடிச்சு அவிழ்ந்தது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில். ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் இப்புத்தகங்கள் காத்திருக்கக் கற்பிக்கின்றன என்பதை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

இம்மலைகளுக்குக் கிறிஸ்தவ எழுத்து வந்த வழியும் நோக்கத்தக்கது. 1854-இல் கண்டிப் பகுதித் தோட்டத்துரைமார் சிலர் பணம் சேர்த்துத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்பதைத் தொடக்கினர். சர்ச் மிஷன் சங்கம் மேற்பார்வை செய்தது. உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்தனர். துரையின் பணத்தில் நடந்த பிரசங்கம் துரையின் கணக்கைக் கேள்வி கேட்டிருக்கும் என்று எதிர்பார்ப்பது அறியாமை. எனினும், அந்த உபதேசிமார் அனைவரையும் துரையின் ஏவலாளர் என்று தள்ளிவிடுவது அதனினும் பெரிய அறியாமை. தோட்டத்துப் பிள்ளைக்கு அரிச்சுவடி தொட்டுக் கொடுத்தவர்களுள் அவர்களும் இருந்தனர். படிக்கத் தெரிந்தவன் எதைப் படிப்பான் என்பது கற்பித்தவனின் கையில் என்றும் இருந்ததில்லை.

அத்திருநெல்வேலியிற் பிறந்தவரே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. ஜான் பனியன் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் செய்த 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வெளிவந்தது. கம்பனின் நடையழகை உள்வாங்கிய அப்பெருங்காப்பியத்தைத் தேயிலைத் தோட்டத்தில் எவரும் விரும்பிப் படித்திருப்பர் என நாம் கருதவில்லை. பல்கலைக்கழகத்தில் நாமே பரீட்சைக்காகத்தான் படித்தோம். பனியனின் மூலக் கதையோ எளிய உரைநடையிலும் தமிழில் வந்து, ஞாயிறு பாடசாலை வழியே பரவியது. இன்றைய ஊக்க நூல்களுக்கெல்லாம் அதுவே பாட்டன். மனிதன் இவ்வுலகில் ஒரு பரதேசி. அவன் ஊர் அப்பால் இருக்கிறது. வழியில் வருவதைப் பொறுத்துக்கொண்டு நடக்கவேண்டும்.

பரதேசி! தமிழ் வேதாகமத்தில் இது கண்ணியமான சொல். விசுவாசத்தின் முன்னோரைக் குறிப்பது. தெருவிலோ அது வசைச்சொல். தோட்டத்து மனிதனுக்கு இந்நாட்டார் சூட்டிய பெயர்கள் 'கள்ளத்தோணி' என்பதும் 'தோட்டக்காட்டான்' என்பதும். சொந்த வீடும் வாக்குரிமையும் உள்ள ஒருவனிடம் 'நீ இங்கே பரதேசி' என்று புத்தகம் சொன்னால் அது அவனுடைய செருக்கை அடக்கும் நல்ல மருந்து. வீடு துரைக்குச் சொந்தமாயும் வாக்கு பறிபோயும் நின்றவனிடம் அதே வாக்கியத்தைச் சொன்னால், அரசாங்கம் சட்டத்தால் சொன்னதையே ஆலயமும் ஆமோதித்ததாக அவன் காதில் விழும். நூல் ஒன்றே, படிப்பவன் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் பொருள் தலைகீழாகிவிடுகிறது. இவ்வுண்மையை இந்நூல்களை எழுதுவோர் எண்ணிப் பார்த்ததற்கு அடையாளம் காணோம்.

பனியன் எண்ணியிருப்பார். அவர் ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழிலாளி. அரசின் அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்துக்காக 1660-இலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்ட் சிறையில் இருந்தவர். கதையின் முதற்பாகம் வெளிவந்தது 1678-இல். அதில் வரும் நியாயவிசாரணைக் காட்சியில் நீதிபதியும் சாட்சிகளும் பிரபுக்களின் பக்கத்தவர். குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் உண்மையுள்ளவன். அக்கதையில் இன்னொன்றும் உண்டு. பயணி மார்பில் ஒரு முத்திரைச் சுருளைத் தாங்கிச் செல்கிறான்; அது நகரவாசலிற் காட்டவேண்டிய சான்று. வழியில் அயர்ந்து உறங்கியபோது அதனைத் தவறவிட்டு, அழுதுகொண்டே வந்த வழி திரும்பிச் சென்று தேடுகிறான். கதையின் இறுதியில், நகரவாசல் வரை வந்துவிட்ட வேறொருவன் மடியைத் துழாவிச் சான்று இல்லாமையால் பிடித்துக் கட்டப்பட்டு வெளியே தள்ளப்படுகிறான். பனியனுக்கு அச்சுருள் விசுவாசத்தின் உருவகம். 1951-இல் பிறப்புச் சான்றும் பற்றுச்சீட்டும் தேடிப் பழைய தோட்டங்களுக்குத் திரும்பி நடந்த நம் பாட்டன்மாருக்கு அது உருவகமன்று. மோட்சப் பயணத்தை மலையகத்தில் வைத்து எழுத இதனிலும் பொருத்தமான இடம் வேறெங்கு உண்டு? எழுதத்தான் எவருமில்லை. தழுவல்கள் கம்பனிடம் போயின. சுருக்கங்கள் சிறுவர் கதையாயின.

இனி ஊக்க நூல்களுக்கு மிகப் பிரியமான ஓரிடத்தைப் பார்ப்போம். பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல், நம்முடைய நாட்டுரிமை பரலோகத்தில் இருக்கிறது என்னும் பொருள்படக் கூறுகிறார். அவர் ஆண்ட கிரேக்கச் சொல் அரசியற் சொல். பிரஜை, நகராட்சி என்பவற்றோடு தொடர்புடையது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனைக் 'குடியிருப்பு' என்றது. 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'தாய்நாடு' என்றது. முன்னைய சொல் லயத்தை நினைவூட்டுகிறது, பின்னையது கப்பலை. இங்கிருந்து ஏற்றி அனுப்பப்பட்டவர்களுக்குத் தமிழகத்து அரசு அலுவலகங்கள் இட்ட பெயர் 'தாயகம் திரும்பியோர்'. நீலகிரியில் அவர்களைச் சுற்றியிருந்தவர்கள் அழைத்த பெயர் 'சிலோன்காரர்'. இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர். இனி விண்ணகந்தான் தாய்நாடு என்று சொன்னால் அம்மக்கள் சிரிப்பதா, அழுவதா?

ஆனால் பவுலைக் குறைகூற நாம் வரவில்லை. பவுலை அவருடைய ஊக்குவிப்பாளரிடமிருந்து மீட்கவே வந்தோம். பிலிப்பி என்பது ரோமரின் குடியேற்ற நகர். அந்நகரிலே அவருக்கு நடந்ததை அப்போஸ்தலருடைய நடபடிகள் 16-ஆம் அதிகாரம் கூறுகிறது. விசாரணையின்றிப் பிரம்பால் அடித்து, சீலாவோடு சேர்த்துச் சிறையில் அடைத்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். நள்ளிரவில் இருவரும் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன. இவ்விடத்தைச் சொல்லாத ஊக்க நூல் அரிது. துன்பத்திலும் துதிப்பவனுக்குக் கதவு திறக்கும் என்று படிப்பினை எழுதி, ஜெபம் சேர்த்து, அந்நாளின் பக்கத்தை முடித்துவிடுவார்கள்.

அதிகாரம் அங்கே முடியவில்லை. பொழுது விடிந்ததும் அதிகாரிகள் சேவகரை அனுப்பி, அவர்களை விட்டுவிடச் சொல்கிறார்கள். சிறைக்காரனும் சமாதானத்தோடு போங்கள் என்கிறான். பவுல் போக மறுக்கிறார். ரோமப் பிரஜைகளாகிய எங்களை விசாரியாமல் பகிரங்கமாக அடித்தீர்கள். இப்போது இரகசியமாக வெளியே தள்ளப் பார்க்கிறீர்களா? அடித்தவர்களே நேரில் வந்து எங்களை அழைத்துச் செல்லட்டும் என்பது அவருடைய பதிலின் கருத்து. அதிகாரிகள் அஞ்சி வருகிறார்கள், வேண்டிக்கொள்கிறார்கள். பரலோகத்து நாட்டுரிமையைப் பற்றி எழுதிய அதே மனிதர், அந்த நிருபத்தைப் பெற்ற அதே நகரத்திலே, மண்ணுலகத்துப் பிரஜாவுரிமையை ஓர் அங்குலமும் விட்டுக்கொடாமல் நின்றிருக்கிறார். பின்னர் இராயனுக்கே அபயமிட்டு வழக்கை ரோமாபுரிக்குக் கொண்டு சென்றவரும் அவரே. நள்ளிரவுப் பாட்டை அச்சிட்டு விடியற்காலை வழக்கை விட்டுவிடுவது எழுத்தாளனின் சுருக்கும் உரிமை என்று கொள்வதா? 1948-இல் உரிமை பறிக்கப்பட்ட சமூகத்திடம் அப்படிச் சுருக்குவது வேறு காரியம் என்று நாம் நினைக்கிறோம்.

காத்திருத்தலுக்கு வருவோம். பொறுமைக்கு ஆதாரமாக இந்நூல்கள் அடிக்கடி எடுத்தாளும் இடங்களுள் ஒன்று யாக்கோபின் நிருபம் 5-ஆம் அதிகாரம் 7-ஆம் வசனம். பயிரிடுகிறவன் முன்மாரியையும் பின்மாரியையும் எதிர்பார்த்துப் பூமியின் பலனுக்காகப் பொறுத்திருப்பதுபோல நீங்களும் பொறுத்திருங்கள் என்பது அதன் கருத்து. மண்ணோடு பிழைக்கும் மக்களுக்கு இதனிலும் நெருங்கிய உவமை கிடையாது. கேள்வி யாதெனில், அந்த வசனம் 'ஆகையால்' என்பதுபோன்ற ஓர் இணைப்போடு தொடங்குகிறது என்பதை எத்தனை பேர் கவனித்தார்கள்? எதனால்?

அதற்கு மேலுள்ள ஆறு வசனங்கள் செல்வர்களை நோக்கியவை. உங்கள் பொன்னும் வெள்ளியும் துருவேறின என்று அவை சொல்லுகின்றன. நான்காம் வசனத்தில் யாக்கோபு வயலுக்கு வருகிறார். அறுவடை செய்த வேலைக்காரருடைய கூலியை நீங்கள் அநியாயமாய்ப் பிடித்துவைத்தீர்கள். அந்தக் கூலியே கூச்சலிடுகிறது. அறுத்தவர்களின் கூக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டிவிட்டது என்கிறார். கூலி கூச்சலிடுகிறதாம்! தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரத்தில் இவ்வாறு எழுதினால் மிகை என்று திருத்தக்கூடிய நண்பர்கள் நமக்கு உண்டு. இந்தக் குற்றப்பத்திரிகையை வாசித்து முடித்த பின்புதான், கூலி பிடிக்கப்பட்டவர்கள் பக்கம் திரும்பிப் பொறுத்திருங்கள் என்கிறார். ஆகவே அப்பொறுமை, வழக்குத் தொடுத்தவன் தீர்ப்பு வருமென்ற உறுதியோடு கொண்ட பொறுமை. மேலே உள்ள ஆறையும் வெட்டிவிட்டு ஏழாவதை மட்டும் அட்டைப்படத்து அருவியின்மேல் அச்சிட்டால், அது வழக்கையே தொடுக்காதவனின் பொறுமையாகிவிடுகிறது. எழுத்துக்கு எழுத்து வேதம். பொருளில் வேதத்துக்கு நேர்மாறு.

ஊவாவில் இதன் அர்த்தம் புரியப் பாஷ்யம் வேண்டியதில்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை 2015-இல் எழுந்தது. வர்த்தமானியில் அது நிறைவேறியது 2021-இல். ஆறாண்டுகளில் அந்த ஆயிரத்தின் பெறுமதி என்னவாயிற்று என்பது கடைக்குப் போகிறவருக்குத் தெரியும். சம்பளம் உயர்ந்ததும் பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறையும் உயர்ந்தது; நிறை குறைந்தால் அரைப்பேர். மாலையில் மடுவத்துத் தராசின் முன்னே கூடையை இறக்கி நிற்பவளுக்கு யாக்கோபின் நான்காம் வசனத்தைப் படித்துக் காட்டினால், இதை எழுதியவர் எந்தத் தோட்டத்துக்காரர் என்று கேட்பாள்.

ரூத்தின் கதையும் இவ்வாறே சிதைகிறது. அந்நிய நாட்டு விதவை மாமியைப் பிரியாமல் வந்தாள், அன்பினால் ஒரு மக்களுக்கு உரியவளானாள் என்று நூல்கள் உருகுகின்றன. உருகத்தக்கதே. ஆயின் அவள் பிழைத்தது அன்பினால் மட்டுமன்று. வயலின் ஓரத்தையும் சிந்திய கதிரையும் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடவேண்டும் என்று இஸ்ரவேலில் சட்டம் இருந்தது. பகல் முழுவதும் பொறுக்கி, தட்டி, அளந்து எடுத்துச் சென்றாள். பின்னர் நகர வாசலில் பத்து மூப்பர் முன்னிலையில் நிலமும் உறவும் சாட்சியோடு தீர்க்கப்பட்டன. நிலம், சட்டம், சாட்சி ஆகிய மூன்றும் அக்கதையின் எலும்பு.

இவ்வளவு சொல்லிவிட்டு, நம்மவரை விட்டுவிட்டால் நேர்மையன்று. மதத்தை அபினி என்று மார்க்ஸ் சொன்னதை நாம் அனைவரும் அறிவோம். 1844-இல் வெளிவந்த அக்கட்டுரையில், அச்சொல்லுக்குச் சற்று முன்பே, ஒடுக்கப்பட்டவனின் ஏக்கமும் இரக்கமற்ற உலகில் எஞ்சிய இரக்கமும் மதத்தில் இருப்பதாக அவர் எழுதியிருப்பதை எத்தனை தோழர்கள் படித்திருக்கிறார்கள்? பாதி வசனம் படிக்கும் வழக்கம் ஞாயிறு பாடசாலைக்கு மட்டும் உரியதன்று. இன்னொன்றையும் கேட்கவேண்டும். தோட்டத்துப் பெண் ஏன் இப்புத்தகத்தைத் தேடுகிறாள்? 'நீ' என்று அவளை நேராக அழைத்துப் பேசும் அச்செழுத்து அவள் வாழ்க்கையில் வேறெது? துரை அவளைப் பேராக அழைத்தார். சட்டம் இலக்கமாக அழைத்தது. சங்கம் அங்கத்தவர் என்று அழைத்துச் சந்தாவைக் கழித்துக்கொண்டது. நம் பத்திரிகைகள் 'பாட்டாளி வர்க்கம்' என்று அழைத்தன. குடிகாரக் கணவனையும் பள்ளிக்குப் போகாமல் கொழும்புக் கடைக்குப் போன பிள்ளையையும் பற்றி எந்தச் சஞ்சிகை அவளோடு பேசியது? அந்த மெல்லிய நூல் பேசுகிறது. சில இடங்களில் நன்றாகவே பேசுகிறது. வாக்கியங்கள் சிறியவை, சொற்கள் அவளுக்குத் தெரிந்தவை, நம் கட்டுரைகளைப்போல அகராதி கேட்பதில்லை.

இடதுசாரிகள் அவளுக்கு வேண்டியவராயிருந்த காலமும் உண்டு. 1940-இல் பதுளைக்கு அருகில் வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தம் சபையைத் தாமே தெரிந்துகொண்டு வேலைநிறுத்தம் செய்தபோது உடன் நின்றவர்கள் சமசமாஜிகள். 1948-இல் அச்சட்டத்தை எதிர்த்துப் பேசியவர்களும் இடதுசாரிகளே. ஆனால் 1964 ஜூனில் லங்கா சமசமாஜக் கட்சி அரசாங்கத்திற் சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அந்த அரசாங்கமே மக்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டது. இந்த இரண்டு தேதிகளையும் தோட்டத்து முதியவர்கள் அடுத்தடுத்தே நினைவில் வைத்திருக்கிறார்கள். நாம் காலிசெய்த இடத்தில்தான் அருவிப்படம் போட்ட நூல் வந்து உட்கார்ந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மேலும், வெட்டப்பட்ட வசனங்களை மீண்டும் ஒட்டிப் படித்தவர்கள் திருச்சபைக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். 1958-இல் தொடங்கிய கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமை, வழிபாட்டையும் தொழிலாளர் இயக்கத்தையும் ஒன்றாகக் கண்டது. 1972-இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார அந்த வசதியான ஆசனத்தை விட்டு இவ்வேழை மலைகளுக்கு வந்தார். அதே ஆண்டில் இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ் கண்டியில் 'சத்தியோதயம்' என்னும் நிலையத்தை நிறுவி, தோட்ட மக்களின் உரிமையைத் தம் வாழ்நாட் பணியாக்கினார். இவர்களுடைய எழுத்து பெரும்பாலும் ஆங்கிலத்தில் நின்றுவிட்டது. கருத்தரங்குகளுக்குப் போயிற்று, காம்பராவுக்குப் போகவில்லை. நாளுக்கு ஒரு பக்கமாக, எழுத்துக்கூட்டிப் படிப்பவளுக்கு விளங்கும் தமிழில் அதனை ஆக்கித்தர எவரும் முன்வராதது பெரிய நட்டம்.

2023-இல், மலையக மக்களின் இருநூறு ஆண்டுகளை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. முன்னோர் காடுவழியே வந்து வழிநெடுக மடிந்த அந்தப் பழைய பாதையில் ஜூலை இறுதியில் புறப்பட்டு ஆகஸ்டில் முடித்தார்கள். முன்னின்று ஏற்பாடு செய்தவர்களில் இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றமும் ஒன்று. கோரிக்கைகள் நிலமும் வீடும் கூலியும் சம குடிமையும். யாத்திரிகம் என்னும் சொல்லுக்கு நம் காலத்தில் கிடைத்த சிறந்த உரை இது. இதனைப் பற்றி ஓர் ஊக்க நூலில் ஒரு பக்கமாவது வரக்கூடாதா? கதைக்குக் கதையும் உண்டு, வசனத்துக்கு வசனமும் உண்டு. மிச்சிகன் மாநிலத்துக் குடும்பமொன்றின் மோட்டார் வண்டி பழுதான சம்பவத்தை விட இது பசறைக்காரனுக்கு நெருங்கியதல்லவா?

உரியவனாயிருத்தல் பற்றி ஊவாவில் பிறந்த சிறந்த நூல்களுள் ஒன்று அந்த அலமாரியில் இல்லை. தெளிவத்தை ஜோசப், பதுளைப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934-இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே பெயரோடு சேர்த்துக்கொண்டவர், 2022-இல் மறைந்தார். 1979-இல் வெளிவந்த அவருடைய சிறுகதைத் தொகுதியின் பெயர் 'நாமிருக்கும் நாடே'. பாரதியின் குரல் அத்தலைப்பில் கேட்கும். நாடற்றவர் என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து ஒருவர் அந்தத் தலைப்பை வைத்ததே ஒரு வழக்குரை. லயத்தின் நெருக்கடியைச் சொல்லும் அவருடைய 'மீன்கள்' கதையில் ஆறுதல் வார்த்தை ஒன்றுமில்லை. படித்து முடித்தவன் தனித்தவன் அல்லன் என்று மட்டும் உணர்வான். ஊக்க நூல் செய்ய முயல்வதும் அதைத்தானே!

கடைசியாக ஓரிடம். பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டம். அங்குள்ள லயங்களுக்கு மேலே மலை சரியும் அபாயம் உண்டு, குடியிருப்போரை அகற்றவேண்டும் என்று 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கப்பட்டது. வேறு நிலமும் வீடும் கொடுக்கப்படவில்லை. மக்கள் காத்திருந்தார்கள். 2014 அக்டோபர் 29-ஆம் நாள் காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. தப்பியவர்களுக்கு வீடுகள் கையளிக்கப்பட்டது 2016-இல். அவ்விடைக்காலத்தில் கூடாரங்களிலும் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் இருந்தவர்களுக்கு ஊக்க நூல்கள் பல விநியோகிக்கப்பட்டிருக்கும். பெற்றவர்கள் அவற்றால் தேறுதலும் அடைந்திருப்பர். அதை நாம் ஏளனம் செய்யமாட்டோம். பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவளிடம் எவரும் வர்க்கப் போராட்டம் பேசிக்கொண்டிருக்க முடியாது. எனினும் 2005-க்கும் 2014-க்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளுக்கு அந்நூல்களில் என்ன பக்கம் இருந்தது? பொறுத்திரு என்ற பக்கமா, போய்க் கேள் என்ற பக்கமா? சங்கீதங்களில் எதுவரைக்கும் ஆண்டவரே என்று முறையிடும் பாடல்கள் ஒன்றிரண்டல்ல. யோபு தன் வழக்கைக் கடவுளின் முன்னேயே எடுத்துரைக்கத் துணிந்தவன். அவனுக்குப் பொறுமை போதித்த நண்பர்களைத்தான் கடவுள் இறுதியிற் கடிந்துகொண்டார். இந்தப் பக்கங்களெல்லாம் வேதாகமத்தில் அச்சாகித்தான் இருக்கின்றன.

நம் வாசகர்களில் ஆசிரியர் பலர். அவர்களிற் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஞாயிறு பாடசாலை நடத்துவதையும் நாம் அறிவோம். சஞ்சிகைக்காரருக்குத் தெரியக்கூடாதென்று அதை மறைக்கவேண்டிய அவசியமில்லை. அடுத்த முறை யாக்கோபின் ஏழாம் வசனம் பாடமாக வரும்போது பிள்ளைகளை முதலாம் வசனத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். நான்காவதில் சற்று நிறுத்தி, வீட்டில் நேற்று எத்தனை கிலோ பறித்தார்கள், எத்தனை கிலோ எழுதினார்கள் என்று கேளுங்கள். கணக்குத் தெரிந்த பிள்ளை ஒன்றாவது வகுப்பில் இருக்கும்.